தேவதாஸ் வாசித்த செட்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லைப் பற்றித் தான் எழுதியதை மூன்று பெரிய மனுஷர்கள் முன்னால் தேவதாஸ் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதற்காகப் புதன்கிழமையிலிருந்தே மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தேழு வயசு ஆளுக்கு வாசிப்பதில் என்ன பயம் என்று தோன்றும். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, பாதிரிச் சாமியார்களிடம் லத்தீன் கற்று, ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது அவசர அவசரமாக இங்கிலீஷுக்கு மாறிக்கொண்ட ஆள் அவர். படிப்பில் குறையில்லை. கண்ணில்தான் குறை. அது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது, கட்டின பெண்டாட்டிக்கும் தெரியாது.

முழுக்கத் தெரியாமல் போகவில்லை. அப்படிப் போயிருந்தால் மறைத்திருக்க முடியுமா? பார்வையின் நடு மட்டும் போய்விட்டது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது சாம்பல் பூசினது மாதிரி அழிந்துவிடும். சுற்றி இருப்பதெல்லாம் தெரியும். சைக்கிள் வருவது தெரியும், மாடு படுத்திருப்பது தெரியும், சாரம் பக்கத்து வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தே போய்த் திரும்ப முடியும். எழுத்து மட்டும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர், விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது, இதற்குக் கண்ணாடியும் கிடையாது, ஆப்பரேஷனும் கிடையாது என்று சொல்லிவிட்டார். அது நடந்து இரண்டு வருஷம். அன்றைக்குக் கொடுத்த சீட்டைத் தேவதாஸ் வழியிலேயே கிழித்து வாய்க்காலில் போட்டார். வீட்டுக்கு வந்து, தலைவலிதான், மாத்திரை கொடுத்தார்கள் என்று சொன்னார்.

அவர் வேலை பார்த்த இடம் அப்படி. வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில், ஓர் அறக்கட்டளை அகராதி தயாரித்துக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் சொல், அது எங்கிருந்து வந்தது, அதற்கு எத்தனை பொருள், ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். ஒரு பொருளுக்கு ஒரு துண்டுக் காகிதம். துண்டுகளை வரிசைப்படுத்தி நூலால் கட்டி டைப்பிஸ்டிடம் கொடுக்க வேண்டும். எழுதுவதும் படிப்பதும்தான் அங்கே உத்தியோகமே. அங்கே போய்க் கண் தெரியவில்லை என்று சொல்வது, படகோட்டி தனக்குத் தண்ணீர் ஆகாது என்று சொல்வதற்குச் சமம்.

ஒன்பது வருஷமாக அவர் தற்காலிகம். 'இந்த ஒரு சொல்லை நல்லபடியா முடிச்சுக் கொடுங்க, உங்களை நிரந்தரம் பண்ணிடறேன்' என்று தலைமைப் பதிப்பாசிரியர் சுப்பிரமணியன் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் பெண்டாட்டி ஜெயம், பஞ்சு மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் இருந்தாள். மில்லோ ஒரு மாசம் ஓடினால் மறு மாசம் கதவடைப்பு. எப்போது மொத்தமாக மூடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இனிமேல் தேவதாஸின் வேலையை நம்பித்தான் குடும்பம் என்று ஆகியிருந்தது.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம். பெரிய சொல் எதுவானாலும் எழுதினவரே அதைக் குழுவின் முன் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கார்பன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்து வருவார்கள். எங்கே நாக்குத் தடுக்குகிறதோ அந்த வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். நல்ல வழக்கம்தான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்று பெருமையடித்து அதை ஆபீசுக்குள் நுழைத்தவரே தேவதாஸ்தான். இப்போது நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அவருக்கு விழுந்த சொல் 'செட்'. நமக்கென்ன, செட் என்றால் செட்டுதான். மைக் செட்டு, பம்பு செட்டு, பல் செட்டு. சிமெண்டு செட் ஆகும், முறிந்த எலும்பு செட் ஆகும், இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லையென்றால் செட் ஆகவில்லை என்போம். நம் பையன் கெட்டுப்போனால் 'செட்டு சரியில்லை' என்று பக்கத்து வீட்டுப் பையன்மேல் பழியைப் போடுவோம். இங்கிலீஷ்காரன் இன்னும் அநியாயத்துக்குப் போகிறான். விளக்கை மேசைமேல் வைத்தாலும் அதுதான், சூரியன் மறைந்தாலும் அதுதான். கடிகாரத்தைத் திருத்தினாலும், எலிக்குப் பொறி வைத்தாலும், மோதிரத்தில் கல் பதித்தாலும், கப்பல் புறப்பட்டாலும், ஒருத்தன் முகம் இறுகினாலும் அதே மூன்று எழுத்து. தேவதாஸ் தேடிப் பிரித்து எழுதியது நூற்றுப் பதினெட்டுப் பொருள்.

பொருளைவிட அவருக்குப் பிடித்தது அது பிறந்த கதை. 'வைப்பது' என்கிற செட் பழைய இங்கிலீஷ். ஒன்றை உட்கார வைப்பதுதான் அதன் முதல் பொருள். 'தொகுதி, கூட்டம்' என்கிற செட் வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் பின்தொடர்வது என்ற சொல்லிலிருந்து பிறந்து, ஒரே வழியில் போகிறவர்களின் கூட்டம் என்று ஆகி, பிரெஞ்சின் வழியாக இங்கிலீஷுக்குள் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஐந்நூறு வருஷம் ஒரே வீட்டில் புழங்கியதில், இன்றைக்கு எந்தப் பொருள் யாருடையது என்று பல இடங்களில் பிரிக்கவே முடியவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் தேவதாஸுக்குக் குரல் ஏறிவிடும். ஜெயத்திடம்கூட ஒரு தடவை சொன்னார்.

"அப்போ ரெண்டும் கண்ணாலம் கட்டிக்கிச்சின்னு சொல்லு" என்றாள் அவள், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

கண் கெடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருந்தது. மீதியைப் பெரிய பூதக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில், தலையைச் சாய்த்துச் சாய்த்து, எழுத்தெழுத்தாகப் பொறுக்கி முடித்தார். ஒரு வரி படிக்க அரை மணி நேரம். எழுதும்போது ஸ்கேலைக் காகிதத்தில் அழுத்தி வைத்து அதன் விளிம்பை ஒட்டி எழுதுவார்; வரி முடிந்ததும் ஸ்கேலைக் கீழே இறக்குவார். சில நேரம் இறக்கினோமா இல்லையா என்று மறந்துபோகும். தான் எழுதியதைத் தானே பார்க்க முடியாததால், இறக்கியிருப்போம் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுவார்.

டைப்பிஸ்ட் பெயர் ஜரினா. இருபத்து நாலு வயசு. முல்லா வீதியில் மைக் செட்டு வாடகைக்கு விடுகிற கமருஸ்ஸமானின் மகள். இங்கிலீஷுக்கு ஒரு மிஷின், தமிழுக்கு ஒரு மிஷின் என்று ஒரே தாளை இரண்டிலும் மாற்றி மாற்றி மாட்டி அடிக்கிற பொறுமைசாலி. ஒருநாள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தேவதாஸின் மேசைக்கு வந்தாள்.

"சார், இதுல எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு இருக்கு. இன்னா எழுதியிருக்கீங்கன்னு புரியல."

தேவதாஸ் துண்டை வாங்கிப் பார்க்கிற மாதிரி பார்த்தார். சாம்பல்தான் தெரிந்தது. பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும்; இவருக்குக் கோபம் வரும்.

"புரியலன்னா உக்காந்து புரிஞ்சிக்கம்மா. எழுதுறது என் வேல, அடிக்கிறது உன் வேல. ஒவ்வொண்ணுக்கும் எழுந்து வந்துகினு இருந்தா இது எப்ப முடியும்?"

அவள் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வந்து கேட்கவில்லை. பெண் கெட்டிக்காரி, பழகிக்கொண்டாள் என்று தேவதாஸ் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். செய்தது தப்பு என்று உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அதை மேலே வர விடவில்லை.

மாசி கடைசியில், அடித்து முடித்த பதினான்கு தாள்களையும் துண்டுக் கட்டையும் அவள் கொண்டுவந்து வைத்தாள். "சார், முழுசா ஒரு தடவ படிச்சுப் பாத்துடுங்க. சில எடம் நீங்க கட்டாயம் பாக்கணும்" என்றாள். எழுதினவர் படித்துப் பார்த்து ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பூதக்கண்ணாடிக்கும் எழுத்துப் பிடிபடாமல் போயிருந்த சமயம் அது. தேவதாஸ் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் பெட்டிக்குள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் பதினான்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்துப் போடக் கண் எதற்கு? துண்டுக் கட்டு மட்டும் வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

"எல்லாம் நல்லா இருக்கும்மா."

"நெசமாவா சார்? நீங்க எதுனா சொல்வீங்கன்னு பயந்துகினே இருந்தேன்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அவருக்கு அதிகப்படியாகப் பட்டது. டைப் அடித்ததற்கு இவ்வளவா என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

வாசிப்புக்கு அவர் வைத்திருந்த வழி ஒன்றே ஒன்று. மனப்பாடம். சின்ன வயசில் பாதிரியார் பிரம்போடு நிற்க, பக்கம் பக்கமாக ஒப்பித்து வளர்ந்த நாக்கு அது. நூற்றுப் பதினெட்டுப் பொருளையும், நூற்றுப் பதினெட்டு வாக்கியத்தையும், தான் எழுதிய வரிசையிலேயே உருப்போட்டார். குளிக்கும்போது சொன்னார், நடக்கும்போது சொன்னார், ஜெயம் மில்லுக்குப் போன பிறகு கிணற்றடியில் நின்று உரக்கச் சொன்னார். ஒருநாள் அவள் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டாள்.

"இன்னாயா, ஜெபமா?"

"ஆமா."

"நல்லா பண்ணு. மில்லுல இனிமே பாதிப் பேருக்குத்தான் வேலைன்னு பேசிக்கிறாங்க. எம் பேரு எந்தப் பாதியில இருக்குதோ."

தேவதாஸ் ஐம்பத்து மூன்றாம் பொருளில் விட்டிருந்தார். அது மறந்துவிடக் கூடாது என்று வாய்க்குள்ளேயே பிடித்து வைத்திருந்தார். பெண்டாட்டிக்கு ஒரு ஆறுதல் சொல்லக்கூட வாயைத் திறக்க முடியாத பிழைப்பாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. நீள மேசையின் தலைமாட்டில் சுப்பிரமணியன். ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற இராமதாஸ். மறுபக்கம் சென்னையிலிருந்து வரவழைத்திருந்த ஒரு பேராசிரியர். திருத்தங்களைக் குறித்துக்கொள்ள ஜரினா தன் மிஷினுக்குப் பக்கத்திலேயே பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். தேவதாஸ் தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். மற்றவர்கள் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டால் தானும் ஒன்றைப் புரட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என்று தீர்மானித்திருந்தார்.

தொடக்கம் அமர்க்களம். சொல் பிறந்த கதையை அவர் வாசித்தபோது, லத்தீன் வந்த இடத்தில் நீதிபதி மேசையை விரலால் தட்டி ரசித்தார். "பிரெஞ்சு இல்லாம இவங்களுக்கு ஒரு கூட்டம்கூட கூட்டத் தெரியல பாத்தீங்களா" என்று பேராசிரியரைச் சீண்டினார். தாள்கள் சரசரத்தன. தேவதாஸும் புரட்டினார். முதல் எட்டுப் பொருளும் தண்ணீர் பட்ட பாடாக ஓடின. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

"ஒன்பது. கருவியைக் குறித்த நிலைக்குக் கொண்டுவருதல். எடுத்துக்காட்டு: அரண்மனைக் கடிகாரத்தை அதிகாரி சரிசெய்தார்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். தேவதாஸ் நிற்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. யாரோ ஒரு தாளை முன்னால் புரட்டி, மறுபடி பின்னால் புரட்டினார்கள். புரட்டுவதா, வேண்டாமா? புரட்டினார். பதின்மூன்று, பதினாலு. இப்போது தாள் சத்தம் எதுவுமே கேட்கவில்லை. பதினைந்தைச் சொன்னார். எதையோ விட்டுவிட்டோமா? வரிசை மாறிவிட்டதா? பதினாறையும் சொன்னார். எதிரே மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருப்பது மட்டும் கண்ணின் ஓரத்தில் தெரிந்தது.

"மிஸ்யே தேவதாஸ்" என்று பிரெஞ்சுப் பழக்கத்தில் கூப்பிட்டார் நீதிபதி. "எந்தத் தாள்ல இருக்கீங்க?"

"ரெண்டாவது... மூணாவது தாள்ல, ஐயா."

"என் கையில இருக்கிற மூணாவது தாள் வேற சொல்லுதே."

சுப்பிரமணியன் தன் பிரதியை எடுத்து வாசித்தார். "ஒன்பது. மில் சங்கு ஊதியதும் அம்மா கடிகாரத்தைத் திருத்தி வைத்தாள். பன்னிரண்டு. கல்யாணத்துக்கு மைக் செட்டு வந்துவிட்டது, மாப்பிள்ளைதான் இன்னும் வரவில்லை. பதினாறு. தளம் இன்னும் இறுகவில்லை, இரண்டு நாளைக்கு மிதிக்காதே." நிறுத்தி, "இதெல்லாம் நீங்க எழுதினதுதானே?" என்று கேட்டார்.

அதில் ஒன்றுகூடத் தேவதாஸ் எழுதியதில்லை. மைக் செட்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே, யார் வீட்டிலிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக அவர் எழுதித் தள்ளிய துண்டுகளை அந்தப் பெண் எப்படிப் 'புரிந்துகொண்டாள்' என்பதும் புரிந்தது.

எல்லாரும் தாள் அடித்த ஜரினாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். எதையும் மறைக்கவில்லை.

"எழுத்து புரியாத எடத்துல பொருளுக்கு ஏத்த மாதிரி நானா எழுதினேன் சார். முப்பத்தோரு வாக்கியம். தேவதாஸ் சார் படிச்சுப் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னாங்க. ஒவ்வொரு தாள்லயும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அவர் படிச்சுப் பாத்திருந்தா இப்ப ஏன் வேற வாசிக்கிறாரு?" என்றார் நீதிபதி. பழைய கோர்ட்டு குரல் திரும்பி வந்திருந்தது. "கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் நீயா மாத்தி வேற தாள் அடிச்சு, கையெழுத்தையும் நீயே போட்டு வெச்சிருக்கே. ஒரு டைப்பிஸ்ட் இதைச் செஞ்சா அப்புறம் இந்த அகராதியில எதை நம்புறது? அப்படித்தானே நடந்தது, தேவதாஸ்?"

நீதிபதி ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வா வா என்று கூப்பிடுகிறார். துண்டுகள் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன, சாயங்காலம் அடுப்பில் போட்டால் சாட்சியும் கிடையாது. ஜெயத்தின் பெயர் எந்தப் பாதியில் இருக்கிறதோ. இவள் சின்னப் பெண், வேறு இடத்தில் வேலை கிடைக்கும். இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் அவர் மனசில் ஓடியது.

தேவதாஸ் தலையை ஆட்டினார். ஆமாம் என்றுதான் ஆட்டினார். அதை அவர் பிற்பாடு யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை.

சுப்பிரமணியன், "நீ போகலாம்மா, நாளைக்கு வர வேண்டாம்" என்றார். அவள் பென்சிலை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. டிபன் டப்பாவைப் பையில் போட்டாள். தமிழ் மிஷினுக்கு உறை மாட்டினாள். பிறகு இங்கிலீஷ் மிஷினுக்கும் மாட்டி, அதன் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். வேலையைவிட்டுத் துரத்தின இடத்தில் தூசி விழாமல் மிஷினை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கத் தேவதாஸால் முடியவில்லை.

"அந்தப் பொண்ணு மாத்தல" என்றார். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "சொன்னது அத்தனையும் நெசம். நான் பொய் சொல்லிட்டேன். கையெழுத்து என்னுதுதான், ஆனா நான் படிக்கல. என்னால படிக்க முடியாது. இதோ இந்தத் தாள் நேரா இருக்கா தலகீழா இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது."

மூன்று பேரும் அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்கள். நேராகத்தான் இருந்தது.

"எவ்வளவு நாளா?" என்றார் சுப்பிரமணியன்.

"ரெண்டு வருஷமா."

"அப்போ இவ்வளவு நேரம் வாசிச்சது?"

"மனப்பாடம்."

"நூத்திப் பதினெட்டுமா?"

"நூத்திப் பதினெட்டும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிபதி வாய்க்குள் பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். கதவருகே பையோடு நின்ற ஜரினா திரும்பி வந்தாள். அவள் நன்றி சொல்வாள் என்றோ, திட்டுவாள் என்றோ தேவதாஸ் எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"நீங்க படிக்கவே இல்லியா சார்? நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. எங்க வாப்பாகிட்டல்லாம் சொன்னேன்."

"இப்ப படிச்சுக் காட்டும்மா" என்றார் தேவதாஸ். அந்தப் பெரிய மனுஷர்கள் ஏனோ தடுக்கவில்லை. அவள் நின்றபடியே முப்பத்தோரு வாக்கியத்தையும் வாசித்தாள். ஒரு வாக்கியத்தில், பொழுது சாய்ந்தும் வீராம்பட்டினக் கரைக்குத் திரும்பாத ஒரு படகு இருந்தது. இன்னொன்றில், எலும்பு கூடும் மட்டும் சைக்கிள் ஏறக் கூடாது என்று யாரோ யாரையோ அதட்டினார்கள். தேவதாஸ் நாலு இடத்தில் நிறுத்தினார். அங்கெல்லாம் பொருள் பொருந்தவில்லை என்று காரணத்தோடு சொன்னார். மற்ற இருபத்தேழும் தன்னுடையதைவிட நல்ல வாக்கியங்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வெட்கத்தாலா, அந்த வாக்கியங்களாலா என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஜரினாவின் வேலை தப்பியது. இருபத்தேழு வாக்கியமும் அகராதியில் நிற்கும் என்று முடிவாயிற்று. தேவதாஸைச் சுப்பிரமணியன் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தோளில் கை வைத்தார்.

"பாத்துக் கையெழுத்துப் போடற வேலை இது, தேவதாஸ். நிரந்தரம் பண்ண முடியாது. இந்த மாசம் வரைக்கும் வாங்க. அந்த நாலு வாக்கியத்தையும் வாயால சொல்லுங்க, அந்தப் பொண்ணு எழுதிக்கும்."

"சரிங்க" என்றார். வேறு என்ன சொல்வது?

வீட்டுக்குப் போகவில்லை. நேரே தெற்கே நடந்து முதலியார்பேட்டையில் மில் வாசலுக்குப் போனார். வேலை போன பயத்தைவிட, அதை ஜெயத்திடம் சொல்கிற பயம் பெரிதாக இருந்தது. ஷிப்ட் விடும்வரை எதிர்ச் சாரியில் நின்றார். சங்கு ஊதி, பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். அவள்தான் அவரைக் கண்டுபிடித்து வந்தாள்.

"இன்னாயா இங்க வந்து நிக்கிற? நெரந்தரம் ஆயிடுச்சா?"

"இல்ல ஜெயம். வேல போயிடுச்சு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வாய்க்காலில் சீட்டைக் கிழித்துப் போட்டதிலிருந்து, கிணற்றடியில் ஜெபம் என்று சொன்ன பொய்யிலிருந்து, அந்தப் பெண்ணைக் காட்டிக் கொடுக்கத் தலையை ஆட்டினது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. இனிமேல் எதைச் சாப்பிடுவது, யார் வேலை கொடுப்பார்கள், ஏன் முன்பே சொல்லவில்லை என்றெல்லாம் கேட்பாள் என்று வழி நெடுகப் பதில் தயார் செய்து வைத்திருந்தார்.

"ரெண்டு வருஷமா?" என்றாள் ஜெயம்.

"ஆமா."

"அப்போ என் மூஞ்சி?"

அதற்கு அவர் பதில் தயார் செய்திருக்கவில்லை.

"சொல்லுயா. என் மூஞ்சி உனக்குத் தெரியுதா, தெரியலையா?"

"நேரா பாத்தா தெரியாது."

அவள் சோற்றுத் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ரெண்டு வருஷமா ஒருத்தி உன் எதுர்க்க குந்திகினு சிரிச்சதும் மொறச்சதும் எல்லாம் வீணா? நான் பாட்டுக்கு ஒரு மொகத்த வெச்சிகினு உங்கூட பேசிகினே இருந்திருக்கேனே, பாவி" என்றாள். குரல் உடைந்ததை வைத்துத்தான் அவள் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் நேராக அவளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அங்கே ஒன்றும் இல்லை.

"எப்படிப் பாத்தா தெரியும்?" என்றாள்.

"வேற எங்கியாவது பாத்தா, நீ ஓரத்துல தெரிவே."

"அப்போ அங்க பாரு." ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சோடாக் கடைச் சுவரைக் காட்டினாள். "அந்தச் செவுத்தப் பாரு."

தேவதாஸ் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அப்போது கண்ணின் ஓரத்தில் மெல்ல அவள் வந்தாள். காது, ஈரமான கன்னம், அவர் இதுவரை அறியாத நரை. கன்னம் முன்னைவிட ஒடுங்கிப்போயிருந்தது.

"தெரியுதா?"

"தெரியுது."

"திரும்பாத. அப்படியே இரு. இப்ப சொல்லு, இனிமே நாம இன்னா பண்ணப் போறோம்?"

அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார், அவளும் பேசினாள். மில்லைவிட்டு வந்துகொண்டிருந்தவர்கள், பெண்டாட்டி கண்ணீரும் கம்பலையுமாகப் பக்கத்தில் நிற்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற புருஷனைப் பார்த்துவிட்டு, நல்ல மனுஷனாகத்தானே இருந்தான், இவனுக்கு ஏன் இவ்வளவு கல்நெஞ்சு என்று பேசிக்கொண்டே போனார்கள்.